துக்கம் விசாரிக்காத சுவர்கள்

2005 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நடுவர் குழு, முந்தைய ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாக ஒரு வண்ணப்படத்தைத் தேர்ந்தெடுத்து அறிவித்தது. எடுத்தவர் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் இந்தியப் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா. எடுத்த நாள் 28 டிசம்பர் 2004. எடுத்த இடம் கடலூர். ஆழிப்பேரலை அடித்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. தரையில் விழுந்து கைகளை விரித்து, உள்ளங்கைகள் வானம் பார்க்க அழுதுகொண்டிருக்கிறார் ஒரு பெண். இறந்தவரின் உடல் முழுதாகத் தெரிவதில்லை. சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் கிடக்கிறது. படத்தின் குறிப்பு ஒரே வரி: பேரலையில் இறந்த உறவினருக்காக ஒரு பெண் துக்கிக்கிறார், கடலூர், தமிழ்நாடு.

அந்தப் பரிசுப் படங்கள் ஆண்டுதோறும் பெரிய அச்சுகளாகப் பல பத்து நாடுகளுக்குக் கண்காட்சியாகச் செல்பவை. எங்கள் கரையின் மணலும் எங்கள் கரையின் அழுகையும் அப்படித்தான் உலகின் சுவர்களில் ஏறின. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தது பத்திரிகைத் தாளிலும், பின்னர் கணினித் திரையிலும், இப்போது கைபேசியிலும்தான். ஆளுயர அச்சாக ஒரு சுவரில் அதன் முன் நின்று பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

இதைப் பற்றி எங்கள் நண்பர் வட்டத்தில் அண்மையில் நடந்த விவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். கலைக்கூடங்களில் இன்று பெரிய வண்ணப் புகைப்படங்களுக்குக் கிடைக்கும் மதிப்பைக் குறித்துப் பேச்சு எழுந்தது. நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, பெரிய வண்ணப்படம் என்பது வெறும் பகட்டு, காலண்டர் ரசனையின் பணக்கார வடிவம், புகைப்படக் கலை என்றால் கறுப்பு வெள்ளைதான் என்றது. இன்னொரு கட்சி, அளவும் நிறமும் சேர்ந்து புகைப்படத்தை ஓவியத்துக்கு நிகராக உயர்த்திவிட்டன, கலைக்கு எதிராக ஒழுக்கக் கேள்விகளை எழுப்புவது நமது பழைய நோய் என்றது. இரண்டு கட்சியையும் மறுத்தே இங்கு எழுதுகிறோம். முதல் கட்சி படத்தைப் பார்க்க மறுக்கிறது. இரண்டாவது கட்சி படத்தில் இருப்பவரைப் பார்க்க மறுக்கிறது.

முதலில் கறுப்பு வெள்ளைக்காரர்கள்.

தமிழ்ச் சிற்றிதழ் உலகில் வளர்ந்த எவருக்கும் இந்த மனப்போக்கு பழக்கமானது. அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் அது தீவிரமான இதழ், வண்ணம் வந்துவிட்டால் வணிக இதழ் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. அந்த விதியைப் பாதி உருவாக்கியது நமது வறுமை. நான்கு வண்ண அச்சுக்குக் காசில்லாததை நாம் மெல்ல மெல்லக் கொள்கையாக்கிக்கொண்டோம். மேற்கிலும் இதே வெறுப்பு இருந்தது. அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1969இல் வண்ணப் புகைப்படத்தைக் கொச்சையானது என்றே ஒதுக்கினார். 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப்படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தபோது அங்குள்ள விமர்சகர்கள் பலர் கொதித்தார்கள். அந்தப் படங்கள் அளவில் பெரியவையும் அல்ல. நிறம் ஒன்றே போதுமானதாக இருந்தது அவர்களைச் சினமூட்ட.

இந்தியாவில் இந்த வாதத்துக்கு நேர் எதிராக நின்றவர் ரகுபீர் சிங். 1999இல் மறைந்த அவர், கறுப்பு வெள்ளையின் துயர மனநிலை மேற்கத்தியருக்கு உரியது, இந்தியக் கண் நிறத்தின் வழியாகவே உலகை அறிகிறது என்று வாதிட்டார். அவர் சொன்னது முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. 'இந்தியக் கண்' என்று ஒன்று உண்டா என்பதே ஐயம். ஆனால் அவர் தொட்ட இடம் சரியானது. நிறத்தைக் கழித்துவிட்டு உலகைப் பார்ப்பது இயல்பான பார்வை அல்ல. அதுவும் ஒரு அலங்காரமே. எளிமை என்ற பெயரில் வரும் அலங்காரம்.

இதற்கு நம்மிடம் ஒரு கொடிய சான்று உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து மக்கள் மடிந்தபோது, மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை இரண்டு புகைப்படக்காரர்கள் எடுத்தார்கள். ரகு ராய் எடுத்தது கறுப்பு வெள்ளை. பாப்லோ பார்த்தலோமியோ எடுத்தது வண்ணம். அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு வண்ணப்படத்துக்குப் போனது. நமது இலக்கிய நண்பர்கள் நினைவில் வைத்திருப்பதோ பெரும்பாலும் ரகு ராயின் படத்தை. ஏன் என்று யோசித்தால் விடை உவப்பானதாக இல்லை. கறுப்பு வெள்ளை அந்தக் குழந்தையை உடனே பழங்காலத்துக்கு அனுப்பிவிடுகிறது. அது ஒரு சிலையாகிவிடுகிறது. சிலை முன் நாம் நெகிழலாம், வணங்கலாம், வீட்டுக்குப் போகலாம். வண்ணப்படத்தில் மண் ஈர மண்ணாக இருக்கிறது. தோல் தோலாக இருக்கிறது. அது நேற்று நடந்தது என்கிறது. ரகு ராயின் படத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் நமது வசதியைத்தான் குறை சொல்கிறோம்.

நிறம் சில நேரம் சாட்சியமும்கூட. கடலூரில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் நீரின் நிறம் என்பது அழகியல் பிரச்சினை அன்று, உயிர்ப் பிரச்சினை. 2004இல் அந்த ஊர் மக்களே வாளியால் ஆன எளிய கருவியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, தாங்கள் சுவாசிப்பதில் என்ன கலந்திருக்கிறது என்பதை வெளியே கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட ஊரின் ஓடையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். அது ஒரு கவித்துவமான ஓடையாகிவிடும். வண்ணத்தை நீக்கியவர் சாட்சியத்தையும் நீக்கிவிட்டார்.

அளவு குறித்தும் இதையே சொல்ல வேண்டும். பெரிய வண்ண உருவம் மேற்கிலிருந்து இறக்குமதியான மோகம் என்று பேசுபவர்கள் சிதம்பரம்வரை ஒரு முறை போய்வரலாம். தில்லைக் கோயிலின் சிவகாமியம்மன் சந்நிதியில் மண்டப விதானத்தை நிறைத்திருக்கும் நாயக்கர் கால ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து பேசலாம். திரையரங்குகளின் முன் கையால் தீட்டப்பட்ட பிரம்மாண்டமான பேனர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். பெரிய நிறத்தில் நமது கண்கள் பிறந்து வளர்ந்திருக்கின்றன. அதைக் கண்டு கூச நமக்கு உரிமையில்லை.

பெரிய அச்சு பார்வையாளரிடம் என்ன செய்கிறது? சென்னையில் 2016இல் தொடங்கிய புகைப்பட பியனாலே போன்ற நிகழ்வுகளிலும் வேறு கலைக்கூடங்களிலும் பெரிய வண்ண அச்சுகளின் முன் எங்களில் சிலர் நின்றிருக்கிறோம். அந்த அனுபவத்தை நேர்மையாகச் சொல்வது கடமை. சிறிய படம் நம் கைக்குள் இருக்கும். பெரிய படத்தின் கைக்குள் நாம் இருக்கிறோம். படத்தில் இருப்பவர் நம் உயரத்துக்கு வந்துவிடுகிறார். அவரைக் குனிந்து பார்க்க முடிவதில்லை, புரட்டிவிட்டுப் போகவும் முடிவதில்லை. அருகில் போனால் உருவம் கரைந்து வெறும் நிறத் துகள்களாகிறது. பின்வாங்கினால் மீண்டும் மனிதராகிறது. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை நம் உடல் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. முன்பின் அறியாத ஒருவரை, சில நிமிடங்களுக்கேனும், உறவாக உணரவைக்கும் வல்லமை அதற்கு உண்டு. இதைப் பகட்டு என்று ஒதுக்குவது பொய்.

முதல் கட்சிக்கு இவ்வளவு போதும். அடுத்தது இரண்டாவது கட்சி. நம் சண்டை பெரிதும் இவர்களோடுதான்.

பெரிய வண்ணப்படம் கலைக்கூடத்துக்குள் நுழைந்த வரலாற்றைச் சற்று நினைவுகூர வேண்டும். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் கலைக்கழகத்தில் பெர்ன்ட் பெக்கரிடம் பயின்ற மாணவர்கள் 1980களில் தங்கள் படங்களைப் பெரிதாக்கத் தொடங்கினார்கள். தோமாஸ் ரூஃப் எடுத்த சாதாரண முகங்கள் இரண்டு மீட்டர் உயரத்துக்கு வளர்ந்தன. கண்ணாடிபோன்ற அக்ரிலிக் தகட்டின் பின்பக்கத்தில் அச்சை நேரடியாக ஒட்டும் தொழில்நுட்பம் வந்த பிறகு, படத்துக்கும் பார்வையாளருக்கும் இடையில் இருந்த இடைவெளி மறைந்தது. நிறம் ஈரம்போல மின்னியது. அதோடு படத்துக்கு ஒரு பொருளின் கனமும் வந்தது. பொருள் என்று வந்துவிட்டால் விலையும் வரும். எண்ணற்ற படிகள் எடுக்கக்கூடிய புகைப்படத்தை, ஐந்து அல்லது ஆறு படிகள்தான் என்று வரம்பு கட்டி விற்றார்கள். ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் 'ரைன் II' 2011 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ஒரு நதி, இரு கரைகள், மேகம் மூடிய வானம். கரையில் இருந்த கட்டடத்தையும் மனிதரையும் கணினியில் நீக்கிவிட்டே அந்தப் படம் உருவானது. குர்ஸ்கி பெரிய கலைஞர் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் மனிதரை நீக்கிய ஒரு படம் அந்தக் காலத்தின் மிக விலையுயர்ந்த புகைப்படமாக ஆனதில் ஒரு செய்தி இருக்கத்தான் செய்கிறது.

மனிதரை நீக்காத படங்கள் அதே சுவருக்கு வந்தபோதுதான் சிக்கல் முற்றியது. லுக் தெலாஹாய் பிரெஞ்சுப் போர்ப் புகைப்படக்காரர். 2001இல் ஆப்கானிஸ்தானில் ஒரு பள்ளத்தில் இறந்து கிடந்த தாலிபான் வீரரை எடுத்தார். அந்தப் படம் இரண்டு மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் வண்ண அச்சாகக் கலைக்கூடங்களில் மாட்டப்பட்டது, வரம்பிட்ட படிகளாக விற்கப்பட்டது. இறந்தவர் யாருடைய மகன் என்று அவரது வீட்டார்க்குச் செய்தி போனதோ இல்லையோ, அவரது உடலின் பிம்பம் சேகரிப்பாளர்களின் உடைமையானது. கண்காட்சிச் சுவரில் மாட்டப்படும் துயரத்தின் படம், உலாவப் போன இடத்தில் பார்க்கக் கிடைக்கும் இன்னொரு காட்சியாகிவிடும் என்ற ஐயத்தை சூசன் சான்டாக் 2003இல் வெளிவந்த தனது நூலில் எழுப்பினார். அந்த ஐயம் இன்னும் தீரவில்லை.

அதே நூலின் முடிவில் சான்டாக் போற்றுவது எந்தப் படத்தை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அது ஜெஃப் வால் 1992இல் உருவாக்கிய, நான்கு மீட்டர் அகலமுள்ள ஒளிரும் வண்ணப்படம். ஆப்கன் போரில் கொல்லப்பட்ட சோவியத் வீரர்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். முழுக்க நடிகர்களை வைத்து அரங்கில் எடுக்கப்பட்டது. அதுவும் பெரிது, அதுவும் வண்ணம், அதுவும் சாவு. ஆனால் அங்கு எவருடைய அழுகையும் எடுத்துச் செல்லப்படவில்லை. அளவோ நிறமோ குற்றவாளி அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கேள்வி வேறொன்று: படத்தில் இருப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே என்ன உறவு, அந்த உறவுக்கு யார் பொறுப்பு?

இங்கு எங்கள் தெருவுக்கு வருவோம்.

மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஒருவர் இறந்தால், அடுத்த நாள் காலை தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று நிற்கும். 'கண்ணீர் அஞ்சலி' என்று தலைப்பு. இறந்தவரின் பெரிய வண்ண முகம். பிறந்த தேதி, மறைந்த தேதி. கீழே மகன், மகள், மருமகன், மருமகள், பேரன், பேத்தி என்று வரிசையாகப் பெயர்கள். இடப்பக்கத்தில் ஒரு கண், அதிலிருந்து சொட்டும் கண்ணீர். இந்தப் பேனர்களை நமது ரசனைக்காரர்கள் கேலி செய்வார்கள். நாங்களும் செய்திருக்கிறோம். இவை ஒன்றும் புனிதமானவை அல்ல. 2019 செப்டம்பரில் சென்னையில் சாலையில் வைக்கப்பட்ட ஒரு பேனர் சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்ததை மறக்க முடியாது. ஆனாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்கிறது. யார் இறந்தார், யாருக்கு அவர் என்னவாக இருந்தார், துக்கம் யாருடையது என்பதை அது சொல்லிவிடுகிறது. அதைப் பார்ப்பவர் நின்று பெயரைப் படிக்கிறார். தெரிந்தவர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுக்குப் போகிறார்.

கலைக்கூடத்திலும் ஒரு பெரிய வண்ணப்படம், ஒரு சாவு, ஒரு பெயர்ப்பலகை இருக்கின்றன. ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பது எடுத்தவரின் பெயர். இறந்தவர் 'உறவினர்'. அழுபவர் 'ஒரு பெண்'. ஊர் 'கடலூர்'. கடலூர் என்றால் எந்தக் கடலூர்? தேவனாம்பட்டினமா, தாழங்குடாவா, சிங்காரத்தோப்பா, சோனங்குப்பமா? கரையில் வாழ்பவருக்கு ஒவ்வொரு குப்பமும் ஒவ்வொரு உலகம். மாவட்டத்தில் மட்டும் அரசுக் கணக்கில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த எண்ணிக்கையாவது சுவரில் இருக்க வேண்டாமா? படம் ஆறடி, குறிப்பு ஆறு அங்குலம் என்பதுதான் கலைக்கூடத்தின் அளவுகோல். நமது ஃப்ளெக்ஸ் அச்சகத்தாருக்குத் தெரிந்த மரியாதை அந்தக் கூடங்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னால் கோபம் வரலாம். வரட்டும்.

நமது வழக்கத்தில் துக்கவீட்டுக்குப் போவதற்கு 'துக்கம் விசாரிக்கப் போவது' என்று பெயர். பார்க்கப் போவது அல்ல. யார், எப்படி, எப்போது, கடைசியில் என்ன சொன்னார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கேட்பவருக்கு விடை தேவையோ இல்லையோ, சொல்பவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசாரிக்காமல் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரை நாம் என்னவென்று சொல்வோம்? பெரிய வண்ணப்படம் அந்நியரைச் சில நிமிடங்கள் உறவாக்குகிறது என்று மேலே சொன்னோம். உறவு வந்துவிட்டால் விசாரிக்கும் கடமையும் வந்துவிடுகிறது. கலைக்கூடம் உறவின் நெகிழ்ச்சியை மட்டும் தருகிறது. கடமையை வாசலிலேயே கழற்றிவைத்துவிடச் சொல்கிறது.

'அளவில்லாமல் தாக்கமில்லை' என்று வாதிட்ட நண்பருக்கு ஒரு விடை. 2004 டிசம்பர் கடைசி வாரத்தில் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் அடையாளம் தெரியாத உடல்களைப் புகைப்படம் எடுத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். உள்ளங்கை அளவுள்ள வண்ண அச்சுகள். உப்பு நீரில் ஊறி உருமாறிய முகங்கள். சட்டகமும் இல்லை, விளக்கும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. உறவுகளைத் தேடி வந்தவர்கள் படம் படமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். தமிழ்நாட்டில் நடந்த வண்ணப் புகைப்படக் காட்சிகளில் அதைவிடத் தாக்கம் கொண்ட ஒன்று நடந்ததில்லை, நடக்கவும் வேண்டாம். அங்கு எந்தப் படமும் பெரிதாக இருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. உறவுக்கு அளவு வேண்டியதில்லை. அளவு தேவைப்படுவது நம்மைப்போன்ற அந்நியருக்கு. அதைத் தெரிந்துகொண்டு நிற்பதே குறைந்தபட்ச நேர்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல் உயிர்களை மட்டும் கொண்டுபோகவில்லை. குப்பங்களில் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தையும், குழந்தையின் பள்ளிக்கூடப் படத்தையும் சேர்த்தே கொண்டுபோனது. இறந்தவருக்கு மாலை போட ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகள் இருந்தன. குடும்ப அட்டையில் இருந்த மங்கலான முகத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஸ்டுடியோ வாசலில் நின்றவர்களைப் பற்றி எங்கள் ஊரில் அந்த நாட்களில் பேசக் கேட்டிருக்கிறோம். ஒருபுறம், தன் பிள்ளையின் படம் இல்லாத தாய். மறுபுறம், அதே கரையின் அழுகை ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் ஆளுயர அச்சாக. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் புகைப்படக் கலையின் மேன்மை பற்றிப் பேச நமக்கு மனம் வரவில்லை.

ஆர்கோ தத்தா மீது குற்றம் சுமத்துவதாக இதை வாசிக்க வேண்டாம். பிணவாடை அடித்த கரைக்கு அவர் வந்தார். நாம் பலர் மைதானத்தைத் தாண்டிக் கிழக்கே போகத் துணியாத நாட்கள் அவை. செய்திப் படம் உலகை எட்டியதால் உதவியும் எட்டியது. செய்தியாக இருந்தவரை அந்தப் படம் தன் வேலையைச் செய்தது. செய்தி கலைப்பொருளாக மாறும் அந்த நொடியிலிருந்துதான் நமது கேள்வி தொடங்குகிறது. அதே தத்தா 2002 குஜராத் கலவரத்தில் எடுத்த இன்னொரு படம் நினைவிருக்கலாம்: கைகூப்பிக் கண்ணீரோடு உயிர்ப்பிச்சை கேட்கும் இளைஞர். அந்தப் படம் தன்னைத் துரத்தியது, வேலையும் ஊரும் மாற நேர்ந்தது, தன்னைக் கேட்காமலே அரசியல்காரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்று அந்த மனிதரே பின்னாளில் பேசியிருக்கிறார். படம் எடுக்கப்பட்டதோடு முடிவதில்லை. அது படத்தில் இருப்பவரின் வாழ்க்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே எதிர்க்கட்சி நண்பர் வலுவான ஒரு கேள்வியைக் கேட்டார். 'பெயரை எழுது என்கிறீர்கள். பெயரை எழுதினால் அந்தப் பெண்ணை நாலு பேர் தேடிப் போவார்கள். பெயரில்லாமல் விடுவதுதானே கருணை?' நியாயமான கேள்வி. அதனால்தான் இந்தக் கட்டுரையில் நாங்களும் எவர் பெயரையும் தேடி எழுதவில்லை. ஆனால் பெயரை மறைப்பது அவர் கேட்டுக்கொண்டதால் என்றால் அது கருணை. யாரும் கேட்கவே இல்லை என்பதால் என்றால் அது அலட்சியம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நாம் கேட்பது பெயரை அல்ல. அவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதைத்தான் கேட்கிறோம். வேண்டாம் என்று அவர் சொன்னால் சுவர் காலியாக இருக்கட்டும். காலிச் சுவரும் ஒரு காட்சிதான்.

புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில் என்று மேடை தோறும் பெருமை பேசும் ஊர் இது. 'மகாமசானம்' கதையில் மவுண்ட் ரோட்டின் நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்க, நகரம் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்துபோகும். சுற்றி நடந்துபோகிற அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவர் என்று வாசகனை உணரவைத்ததே அந்தக் கதையின் பெருமை. பெரிய வண்ணப்படம் அந்த இடத்தை எட்ட முடியாதது அல்ல. எட்ட முடியும். அதற்குத் தேவை இன்னும் பெரிய அச்சு அல்ல.

எனவே எங்கள் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறோம்.

ஒன்று, கடலூர்க் கரையின் துயரத்தை எந்தச் சுவரில் யார் மாட்டினாலும், அதற்கு முன் அது இந்தக் கரையில் காட்டப்பட வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சிக்கு இடம் இருக்கிறது, புத்தகக் கண்காட்சிக்கு இடம் இருக்கிறது. நகர மன்றம் இருக்கிறது, அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆளுயரப் படங்களுக்கும் இடம் இருக்கும். தன்னை அந்த அளவில் பார்க்கும் உரிமை முதலில் படத்தில் இருப்பவருக்கு உண்டு.

இரண்டு, மாட்டலாமா கூடாதா என்பதைக் குப்பத்து மக்களே தீர்மானிக்க வேண்டும். நகரத்து ரசிகர்களாகிய நாமும் அதில் வாக்களிக்க முடியாது.

மூன்று, படத்தின் அளவுக்கு ஏற்ற குறிப்பு வேண்டும். தமிழிலும் வேண்டும். எந்தக் குப்பம், எத்தனை பேர், பிறகு என்ன நடந்தது, வீடு கிடைத்ததா, கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நான்கு, படம் எடுத்தவர்கள் அந்தக் கரைக்கு அச்சுகளைத் திருப்பித் தர வேண்டும். அழுகைப் படங்களை அல்ல. அதே நாட்களில், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த முகங்களை. எந்தப் படமும் மிஞ்சாத வீட்டில் ஒரு சிறிய வண்ணப்படத்தின் மதிப்பை எந்த ஏல நிறுவனமும் கணக்கிட முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் கரையில் பெண்கள் கூடுகிறார்கள். கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூ விடுகிறார்கள். 2024இல் இருபது ஆண்டுகள் நிறைந்தபோதும் அப்படித்தான். அங்கும் கேமராக்கள் வருகின்றன. அடுத்த ஆண்டு அங்கே செல்லும் புகைப்பட நண்பர்களுக்கும், அந்தப் படங்களைப் பெரிதாக்கி மாட்டப்போகும் கலைக்கூட நண்பர்களுக்கும் ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறோம். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் மாட்டுங்கள். முதலில் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வாருங்கள்.